அவன் அந்த வரியை முடிக்கட்டும்

வீட்டில் அவனுக்கு வித்வான் என்று பெயர். பெருமையாக வைத்த பெயர் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். ஒருநாள் சமையலுக்கு நடுவே காஸ் தீர்ந்துபோய், கத்திக் கூப்பிட்டும் காதில் ஹெட்போனோடு இவன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தபோது, “வித்வானே, கச்சேரி முடிஞ்சதும் கொஞ்சம் அடுப்படிப் பக்கம் எழுந்தருளுறீங்களா?” என்று மனைவி கேட்டாள். அன்றிலிருந்து அவன் வித்வான்தான். அவனுடைய அம்மாகூட முந்தானைக்குள் சிரித்துக்கொண்டாள்.

பல வருஷம் அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் கும்பலில் நின்று கோரஸ் பாடியவன். பேர் வராது, முகம் வராது. கூப்பிட்டால் ஓட வேண்டும், கூப்பிடாவிட்டால் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருநாள் வெறுத்துப்போய், ‘என் பாட்டு, என் குரல், என் ரசிகர், நடுவில் எவனும் வேண்டாம்’ என்று வெளியே வந்தான். நடுவில் எவனும் இல்லைதான். அந்த நடுவில் இருந்தவன் பார்த்துக்கொண்டிருந்த வேலை அத்தனையும் தன் தலையில் வந்து விழும் என்றுதான் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது அவனே எழுத வேண்டும், அவனே மெட்டுப் போட வேண்டும், பாட வேண்டும், பதிவு செய்ய வேண்டும், வெட்டி ஒட்ட வேண்டும், படம் எடுக்க வேண்டும், அந்தப் படத்தில் சிரிக்கவும் வேண்டும். மாதச் சந்தா கட்டும் ரசிகர்களில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவர்கள் பெயரைச் சொல்லி நாலு வரி பாடி அனுப்ப வேண்டும். தினமும் யாராவது ஒருவர் பிறந்துதான் தொலைத்திருந்தார்கள். ஒரு முதலாளி வேண்டாம் என்று வந்தவனுக்கு இப்போது ஊர்ப்பட்ட முதலாளிகள். எல்லாரும் நல்லவர்கள் என்பதுதான் கொடுமை. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

“கண்ணை மூடினாக்கூட நன்றி நன்றின்னே வருது வாயில” என்றான் ஒருநாள், சோபாவில் சரிந்து.

“எனக்கு ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன். எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிறேன்” என்றாள் மனைவி. அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு எது தெரியவில்லை என்று கேட்டுவிட்டு வருகிறவளுக்கு வாய் கொஞ்சம் கூர்மையாகத்தான் இருக்கும்.

கை ஓய்ந்துபோனபோது வித்வான் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தான். அடிக்கடி வருகிற செய்திகளுக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே எழுதிப் போனில் வைத்துக்கொண்டான். ஒன்றாம் எண், வாழ்த்துச் சொல்பவர்களுக்கு. இரண்டாம் எண், ‘உங்கள் பாட்டைக் கேட்டு அழுதுவிட்டேன்’ என்பவர்களுக்கு. மூன்றாம் எண், சத்தம் சரியில்லை என்று குறை சொல்பவர்களுக்கு: ‘சிரமத்துக்கு மன்னிக்கவும். சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அடுத்த பதிவில் கட்டாயம் சரிசெய்கிறேன். அன்புடன்.’ எண்ணைத் தட்டினால் பதில் போய்விடும். அன்பும் அதோடு சேர்ந்தே போய்விடும்.

வெள்ளிக்கிழமை என்றால் பச்சைப் பதிவு. வெட்டாமல், மெருகேற்றாமல், பாடியது பாடியபடி சந்தாதாரர்களுக்கு மட்டும் அனுப்புவது. “பேரை மாத்துங்க. யாராவது வேற மாதிரி நினைச்சுச் சந்தா கட்டிடப் போறாங்க” என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். கட்டினால் கட்டட்டும் என்றான் வித்வான்.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டே அறை. உள்ளறையில் பதிவு நடக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்படி, அங்கே அம்மா. பக்க வாத்தியமெல்லாம் அவன் காதில் ஹெட்போனுக்குள் ஓடுவதால், வெளியே அவன் குரல் மட்டும்தான் கேட்கும். அவனிடம் இரண்டு மைக் இருந்தன. ஒன்று வாய்க்கு முன்னால். இன்னொன்று கதவோரம், வீட்டுச் சத்தத்துக்காக. அந்த வீட்டுச் சத்தம் ரசிகர்களுக்குப் பிடித்துப்போயிருந்தது. கரண்டி விழும், குழாய் ஓடும், அம்மா இருமுவாள். அந்த இருமலுக்கென்று தனியாக ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. அவன் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடம் பார்த்துக் கணக்காக வந்து விழும். ‘அம்மா தாளம் தப்பாம இருமுறாங்க சார்’ என்று எழுதினார் ஒருவர். ‘அடுத்த பாட்டுல அம்மாவுக்குத் தனி மைக் வைங்க’ என்றார் இன்னொருவர்.

வித்வான் அதை அம்மாவிடம் படித்துக் காட்டினான். “போடா, அதையெல்லாம் போய் உக்காந்து கேக்குறாங்களா? வேற வேலைவெட்டி இல்ல?” என்றாள் அம்மா. ஆனாலும் அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு களை இருந்தது.

ஊருக்கெல்லாம் வெளியிடுகிற பாட்டில் இருமல் இருக்கக் கூடாதே. அதில் வெட்டிவிடுவான். கம்ப்யூட்டர் திரையில் சத்தமெல்லாம் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அவன் குரல் நீளமான மேடு. அது முடிகிற இடத்தில் முள் மாதிரி குத்திட்டு நிற்கும் இரண்டு கோடுகள் அம்மாவின் இருமல். காதால் கேட்கவே வேண்டாம், கண்ணால் பார்த்தே வெட்டிவிடலாம். எத்தனை இருமலை அப்படி வெட்டிப் போட்டான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. முடி வெட்டுகிறவர் கீழே விழுந்த முடியை எண்ணிக்கொண்டா இருக்கிறார்?

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஒரு பெண்மணியிடமிருந்து நீளமாக ஒரு செய்தி வந்தது. ‘ஜன்னலோரம்’ என்ற பெயரில் சந்தா கட்டியிருந்தவள். முகம் இருக்க வேண்டிய இடத்திலும் ஒரு ஜன்னல் படம்தான் இருந்தது. வித்வான் அப்போதுதான் ஒரு கட்டுப் பிறந்தநாள் பாட்டுகளைப் பாடி முடித்துத் தொண்டை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். ‘போன மாசத்துலேர்ந்து உங்க பதிவுல இருமல் நடு வரியிலேயே வந்துடுது’ என்று முதல் வரி சொன்னது. அதற்கு மேல் அவன் படிக்கவில்லை. குறை. குறைக்கு மூன்றாம் எண். தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போனான்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் வித்வான், அதில் குறை சொல்ல முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமையே சரிசெய்தான்.

“அம்மா, நான் பாடுற நேரம் மட்டும் வெளியே படிக்கட்டுல உக்காந்துக்கிறியா? இருமல் மைக்ல விழுது. ஆளுங்க சொல்றாங்க.”

“விழுதா?” அம்மாவின் முகம், கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி ஆகிவிட்டது. “எவ்வளவு அடக்கிப் பார்த்தாலும் வந்து தொலையுதுடா.”

அட, அந்த வார்த்தையையாவது அவன் காதில் வாங்கியிருக்கலாம். காது அவனுடைய பிழைப்பு. ஆனால் அந்த நேரத்தில் அவன் மைக்கின் உயரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா பிளாஸ்டிக் முக்காலி ஒன்றையும், தண்ணீர் பாட்டிலையும், ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மேலும் கீழும் போகிற அக்கம்பக்கத்தார், “என்னம்மா, இங்க உக்காந்துட்டீங்க?” என்று கேட்டால், “உள்ள பையனுக்கு வேலை நடக்குது” என்று பெருமையாகச் சொல்வாள். மனைவிக்கு இது பொறுக்கவில்லை.

“அத்தையப் படியில உக்கார வச்சிட்டு உள்ள அப்படி என்ன பாட்டு?”

“ஒரு மணி நேரம்தானே? நான் என்ன உள்ள விளையாடிட்டா இருக்கேன்? இதுலதான் நமக்குச் சோறு.”

“அந்தச் சோத்தை ஆக்கிப் போடுறதும் அவங்கதான்” என்றாள் அவள்.

அவனுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. கதவைச் சாத்திக்கொண்டான். அதற்குப் பிறகு வந்த பதிவுகள் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தன. ‘அம்மா எங்கே, ஆளைக் காணோமே’ என்று ஓரிருவர் கேட்டதற்கு ஒன்றாம் எண் போயிற்று.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மனைவி விடுப்பில் இருந்தாள். வித்வானுக்குக் கண்ணைத் திறக்க முடியாத அசதி. போனை அவள் மடியில் போட்டான்.

“நீயே பதில் போடேன் இன்னிக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, அவ்வளவுதான். இதுக்கெல்லாம் மூளையே வேண்டாம்.”

“அதான் நீங்க போடுறீங்க” என்று வாங்கிக்கொண்டாள்.

அம்மா முக்காலியோடு வெளியே போனாள். அவன் உள்ளே போய்ப் பாட ஆரம்பித்தான். இரண்டாவது பாட்டின் நடுவில் கதவு திறந்தது. பதிவு நடக்கும்போது அந்தக் கதவு திறக்காது. வீடே தீப்பற்றினாலும் தட்டிவிட்டுத்தான் சொல்வார்கள். மனைவி போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஹெட்போனைக் கழட்டுங்க.”

“பதிவு ஓடுது!”

“ஓடட்டும். கழட்டுங்க.”

கழற்றினான். அவள் படித்தாள்.

‘தொந்தரவுக்கு மன்னிக்கணும். ரெண்டு மாசமா இருமல் சத்தமே கேக்கல. அம்மா நல்லா இருக்காங்களா? அதை மட்டும் சொல்லுங்க, போதும். நான் குறை சொல்றவ இல்ல. சொல்லப்போனா, கோவிச்சுக்காதீங்க, பாட்டைவிட உங்க வீட்டுச் சத்தத்தைத்தான் நான் அதிகமா கேப்பேன். எங்க வீட்ல இப்ப சத்தம் போட யாரும் இல்ல.’

“நல்லா இருக்காங்கன்னு போட்டுட வேண்டியதுதானே? இதுக்கா கதவைத் திறந்த?”

“இருங்க. அந்த அம்மா முன்னாடி எழுதினதும் இங்கயே இருக்கு.” அவள் விரலால் திரையைக் கீழே இழுத்தாள். “‘போன மாசத்துலேர்ந்து உங்க பதிவுல இருமல் நடு வரியிலேயே வந்துடுது. முன்னெல்லாம் நீங்க வரியை முடிக்கிற வரைக்கும் அடக்கி வச்சிருந்து, அப்புறம்தான் இருமுவாங்க. இப்ப அடக்க முடியல போல இருக்கு. எங்க வீட்டுக்காரர் என் தூக்கம் கெடக் கூடாதுன்னு இப்படித்தான் அடக்கி அடக்கி வச்சிருந்தார். எனக்கு அப்ப தெரியாமப் போச்சு. தயவுசெஞ்சு அம்மாவை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க.’”

வித்வான் போனை வாங்கக் கை நீட்டினான்.

“இதுக்கு நீங்க போட்ட பதில் என்னன்னு படிக்கட்டுமா?” என்றாள். “‘அடுத்த பதிவில் கட்டாயம் சரிசெய்கிறேன். அன்புடன்.’”

அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். மெதுவாகத்தான் சொன்னாள். அவன் எழுந்த வேகத்தில் மைக் சாய்ந்தது. வாசல் கதவைத் திறந்தான்.

அம்மா முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. ரவிக்கைக்கு மேலே தோள்பட்டை எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. எப்போது இப்படி இளைத்தாள்? ஒரே வீட்டில், அவள் தட்டில் போட்டுக் கொடுத்ததைத் தின்றுகொண்டு இருந்தவன் இதைப் பார்க்கவில்லை.

நிழல் விழுந்ததும் அம்மா திரும்பிப் பார்த்தாள். “என்னடா, அதுக்குள்ள முடிஞ்சுதா?” என்றாள். உடனே பயந்துபோய், “என் சத்தம் உள்ள கேட்டுடுச்சா?” என்றாள்.

அன்று மாலையே டாக்டரிடம் போனார்கள். சின்ன வயசுப் பெண். நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, படமெல்லாம் எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டு, “இருமல் எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒரு பத்து நாளா இருக்கும்மா. மழை ஒத்துக்கல.”

“அத்தை!” என்றாள் மருமகள்.

“சரி, இருபது நாள்னு வச்சுக்கோங்க” என்றாள் அம்மா, காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற மாதிரி.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினாள். “நீங்க வீட்லயே இருந்து வேலை பாக்குறவர்தானே? உங்களுக்குத் தெரியாதா? எப்ப ஆரம்பிச்சுது, எப்படி மாறுச்சுன்னு தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்.”

தெரியாது என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. “எங்கிட்ட இருக்கு” என்றான். “எல்லாம் பதிவுல இருக்கு. கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்றேன்.” டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலையில் பழைய வெள்ளிக்கிழமைகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். வாய்க்கு முன்னால் இருந்த மைக்கின் சத்தத்தை முழுக்க இறக்கினான். கதவோர மைக்கை ஏற்றினான். தான் பாடிய இடங்களை வெட்டினான். ஒவ்வொரு இருமலையும், அதற்கு முன்னும் பின்னும் சில நொடிகளையும் மட்டும் வைத்துக்கொண்டான். இத்தனை காலம் வைத்துக்கொண்டதை எறிந்துவிட்டு, எறிந்ததைப் பொறுக்கினான்.

முதல் இருமல் போன வருஷ மழைக்கும் முன்னால் இருந்தது. லேசாக, தொண்டையைச் செருமுகிற மாதிரி. அப்புறம் இரண்டு. அப்புறம் அடியில் ஒரு கரகரப்பு. போகப்போக, கேட்கிற இவனுக்கே மூச்சு முட்டியது. அதற்கு நடுவில், இருமலுக்குச் சற்று முன்னால், ஏதோ சலசலவென்று கேட்டது. குழாய்த் தண்ணீர் என்று நினைத்தான். சத்தத்தை இன்னும் ஏற்றினான். குழாய் இல்லை, அம்மா. அடுப்படியில் நின்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

“இரு… இரு சனியனே… அவன் அந்த வரியை முடிக்கட்டும்.”

தூரத்தில் அவன் குரலின் வால் தேய்ந்து முடிந்தது. அதற்குப் பிறகு இருமல்.

அடுத்த வாரத்தைத் திறந்தான். “கொஞ்சம் பொறு… இன்னும் ஒரே ஒரு வரிதான்…” அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். தாளம் தப்பாத இருமல் என்று ஊரே கைகொட்டிச் சிரித்ததே, அந்தத் தாளம் இதுதான். தன் நெஞ்சுக்குள் இருந்ததோடு அவள் தனியாக நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், பிள்ளையின் பாட்டுக் கெடக் கூடாது என்று. கடைசி வாரங்களில் அதட்டலும் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவளைப் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டான். பதிவுகள் சுத்தமாக இருந்தன.

மனைவி பின்னால் வந்து நின்றாள். அவன் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தான். கேட்டாள். கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பாவி மனுஷா” என்றாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “நானும்தான் இதே வீட்ல இருந்தேன்” என்றாள்.

இருமல் எப்போது ஆரம்பித்தது, எப்படி மாறியது என்று டாக்டரிடம் போய்ச் சொன்னான். நுரையீரலில் கட்டி என்று படம் சொன்னது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “முன்னாடியே வந்திருந்தா சுலபமா இருந்திருக்கும். இப்பவும் வைத்தியம் இருக்கு, செய்வோம். ஆனா குணமாயிடும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்” என்றாள். அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வருகிற வழியில், “அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுது. சாப்பிடுதோ இல்லையோ, ரொம்ப ஒல்லி” என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னலோரத்துக்குப் பதில் எழுத வித்வானுக்கு ஒரு பொழுது முழுக்க ஆயிற்று. எழுதினான், அழித்தான். கடைசியில், ‘அம்மாவை டாக்டர்கிட்ட காட்டிட்டோம். வைத்தியம் ஆரம்பிச்சிருக்கு. நீங்க முதல்ல எழுதினதை நான் முழுசாப் படிக்கவே இல்ல’ என்று அனுப்பினான். அன்புடன் என்று போட வெட்கமாக இருந்தது, போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘சரிப்பா. இனிமே அம்மாவை அடக்க விடாதீங்க.’

சில வாரம் பாட்டே இல்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடையாக நடந்தார்கள். சந்தாதாரர்கள் சிலர் கழன்றுகொண்டார்கள், பலர் பொறுத்திருந்தார்கள். பிறந்தநாள்கள் பாட்டில்லாமலே வந்து போயின, யாரும் செத்துவிடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவே ஆரம்பித்தாள்.

“எத்தனை நாள் என் மூஞ்சியையே பார்த்துட்டு உக்காந்திருப்ப? போய்ப் பாடு. காத்துட்டு இருப்பாங்க.”

சொல்லிவிட்டு, பழக்கத்தில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். நாலு எட்டுக்குள் மூச்சு வாங்கியது. வித்வான் முக்காலியை அவள் கையிலிருந்து வாங்கி, உள்ளறையில் மைக்குக்குப் பக்கத்தில் போட்டான்.

“இங்கயா? வேண்டாம்டா. எல்லாம் கெட்டுப் போயிடும்.”

“உக்காரும்மா.”

உட்கார்ந்தாள். துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஹெட்போனை மாட்டவில்லை. மூலையில் சாய்த்து வைத்திருந்த கிடாரை மட்டும் எடுத்துக்கொண்டு பாட ஆரம்பித்தான். முதல் வரி நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது வரியில் அம்மாவின் உதடு இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. துண்டு மெல்ல வாய்க்குப் போயிற்று. கண் மட்டும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, எப்போது முடிப்பான் என்று. நீளமான வரி. அழகாக இருக்கட்டும் என்று அவன்தான் அதை அவ்வளவு நீளமாக எழுதியிருந்தான்.

ஒரு சொல்லின் பாதியில் நிறுத்தினான்.

“இருமிக்கோம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். பாடு பாடு என்று கையால் காட்டினாள்.

“நான் நிறுத்திட்டேன். நீ முதல்ல முடி.”

அம்மா இருமினாள். அடக்காமல், துண்டை அழுத்தாமல், அடிவயிற்றிலிருந்து இருமினாள். அது சீக்கிரம் முடிகிற இருமலாக இல்லை. மைக் இரண்டும் திறந்திருந்தன, பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வித்வான் அவள் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

எல்லாம் ஓய்ந்து, அவள் தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள். “ம், பாடு” என்றாள்.

எந்த இடத்தில் விட்டான் என்று அவனுக்கு நினைவில்லை. கிடாரைப் பிடித்துக்கொண்டு விழித்தான். அம்மாதான், கரகரத்த குரலில், அந்த வரியை எடுத்துக் கொடுத்தாள்.